மூன்று மாதப் பட்டினி

வட யானை சீல்களில் ஆண் 2,000 கிலோ வரை வளரும். பெண்ணைப்போல் சுமார் மூன்று மடங்கு. இணைசேரும் பருவத்துக்காக டிசம்பரில் கலிபோர்னியாவின் ஆனோ நுவேவோ கடற்கரையில் ஏறும் பெரிய ஆண், சுமார் மூன்று மாதம் இரை தேடிக் கடலுக்குத் திரும்புவதில்லை. போனால் பெண்களுக்கு அருகே பிடித்த இடம் பறிபோகும். தோலடிக் கொழுப்பே அதற்குச் சோறும் தண்ணீரும். கொழுப்பு எரியும்போது நீரும் உண்டாகிறது. பருவம் முடிகையில் உடல் எடையில் மூன்றில் ஒரு பங்கு கரைந்துவிடும்.

அதனால் சண்டையில் சிக்கனம். துதிக்கை போன்ற மூக்கைத் தூக்கிக் குரல் கொடுத்தாலே பெரும்பாலான போட்டியாளர்கள் விலகிவிடுகின்றன. ஒவ்வோர் ஆணுக்கும் தனிக்குரல் உண்டு, தோற்ற ஆண் அதை நினைவில் வைத்திருக்கும். இத்தனை செலவுக்கும் பலன் ஒரு சிலவற்றுக்கே. பெரும்பாலான ஆண்கள் ஒருமுறைகூட இணைசேராமலே இறந்துபோகின்றன.