எடைக் குறைப்புக்கான அன்றாடக் கலோரி அளவு

எடைக் குறைப்புக்கான அன்றாடக் கலோரி அளவு என்பது, உடல் எடையைக் குறைக்க விரும்பும் ஒருவர் தம் உடல்நலம் கெடாமல் நாளொன்றுக்கு உண்ணத்தக்க உணவாற்றலின் அளவு ஆகும். உடல் செலவிடும் ஆற்றலை விட உணவின் வழியாகக் கிடைக்கும் ஆற்றல் குறைவாக இருக்கும்போது, உடல் அக்குறையைத் தன் சேமிப்பிலிருந்து ஈடுசெய்கிறது. இதனால் எடை குறைகிறது. இவ்வளவு ஆளுக்கு ஆள் வேறுபடும். ஒரே ஆளுக்கும் எடை குறையக் குறைய மாறும். எனவே எல்லோருக்கும் 1,200 கலோரி என்பது போன்ற பொதுவான உணவுப் பட்டியல்கள் பெரும்பாலோருக்குப் பொருந்துவதில்லை.

அலகு

உணவு தொடர்பில் கலோரி என்று வழங்கப்படுவது உண்மையில் கிலோகலோரி ஆகும். இது 4.184 கிலோயூலுக்குச் சமம். ஒரு கிராம் மாவுப்பொருளும் ஒரு கிராம் புரதமும் தலா 4 கலோரியும், ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரியும் தருவதாகக் கணக்கிடுவது வழக்கம். இக்கணக்கு அமெரிக்க வேதியியலாளர் வில்பர் அட்வாட்டரின் 19ஆம் நூற்றாண்டு இறுதிக்கால ஆய்வுகளிலிருந்து வந்தது. மது கிராமுக்கு 7 கலோரி தருகிறது. இதைப் பலர் கணக்கில் சேர்ப்பதில்லை.

கணக்கிடும் முறை

முழு ஓய்வில் இருக்கும்போதும் மூச்சு, இதயத் துடிப்பு, உடல் வெப்பம் முதலியவற்றுக்காக உடல் ஆற்றலைச் செலவிடுகிறது. இது அடிப்படை வளர்சிதைமாற்ற வீதம் எனப்படும். இதனை மதிப்பிட ஆரிசு, பெனடிக்ட் ஆகிய இருவர் 1919இல் வெளியிட்ட சமன்பாடு நெடுங்காலம் பயன்பட்டது. 1990இல் வெளியான மிஃப்லின்-செயின்ட் சியோர் சமன்பாடு இன்று பரவலாகப் பயன்படுகிறது:

ஆண்: (10 × எடை) + (6.25 × உயரம்) − (5 × வயது) + 5
பெண்: (10 × எடை) + (6.25 × உயரம்) − (5 × வயது) − 161

இங்கு எடை கிலோகிராமிலும், உயரம் சென்டிமீட்டரிலும், வயது ஆண்டிலும் கொள்ளப்படும். கிடைக்கும் எண்ணை உடலுழைப்புக்கேற்ற காரணியால் பெருக்க வேண்டும். உட்கார்ந்து வேலை செய்வோருக்கு ஏறத்தாழ 1.4 எனவும், நாள் முழுதும் கடும் உடலுழைப்பில் ஈடுபடுவோருக்கு 2.0 அல்லது அதற்கு மேல் எனவும் கொள்ளலாம். தம் உழைப்பை உயர்த்தி மதிப்பிடுவது மனித இயல்பு. ஐயம் இருந்தால் குறைந்த காரணியைத் தேர்வதே நல்லது.

40 வயதும் 155 செ.மீ. உயரமும் 70 கிலோ எடையும் உள்ள ஒரு பெண்ணுக்கு அடிப்படை வீதம் 1,308 கலோரி. 1.4ஆல் பெருக்கினால் நாளாந்தத் தேவை ஏறத்தாழ 1,831 கலோரி ஆகும்.

எவ்வளவு குறைப்பது

தேவையிலிருந்து நாளொன்றுக்கு 500 கலோரி குறைத்தால் வாரத்துக்கு அரைக் கிலோ குறையும் என்பது பரவலான விதி. ஒரு கிலோ உடற்கொழுப்பு ஏறத்தாழ 7,700 கலோரிக்குச் சமம் என்ற கணக்கே இதன் அடிப்படை. 1958இல் மேக்சு விசுனாஃப்சுகி என்ற மருத்துவர் எழுதிய கட்டுரை வழியாக இக்கணக்கு பரவியது.

இவ்விதி பெரிய உடலுக்கும் சிறிய உடலுக்கும் ஒரே விதமாகப் பொருந்துவதில்லை. 35 வயதும் 178 செ.மீ. உயரமும் 90 கிலோ எடையும் உள்ள ஆணின் தேவை ஏறத்தாழ 2,580 கலோரி. அவருக்கு 500 என்பது ஐந்தில் ஒரு பங்கு. மேற்கண்ட பெண்ணுக்கோ அது நான்கில் ஒரு பங்குக்கும் மேல். குறைத்தபின் எஞ்சும் 1,331 கலோரி, அவருடைய அடிப்படை வீதத்தை ஒட்டி நிற்கிறது. இத்தகையோர் 300 கலோரி அளவில் தொடங்கி, நடையைக் கூட்டுவது தாங்கத்தக்கது. பெண்கள் 1,200 கலோரிக்கும் ஆண்கள் 1,500 கலோரிக்கும் கீழே மருத்துவர் மேற்பார்வையின்றிச் செல்லக்கூடாது என்பது பொதுவான அறிவுரை. மிக விரைவான எடையிழப்பு தசையிழப்புக்கும் பித்தப்பைக் கற்களுக்கும் இடமளிக்கும். பருப்பு, பயறு, முட்டை, மீன் போன்ற புரத உணவுகளைக் குறைக்காதிருப்பது தசையைக் காக்க உதவும்.

எடை குறைவது தடைப்படுதல்

முதல் வாரத்தில் இரண்டு மூன்று கிலோ குறைவது உண்டு. அதில் பெரும்பகுதி கிளைக்கோசனும் அதனுடன் கட்டுண்ட நீருமே. பின்னர் வேகம் தணியும். மேற்கண்ட பெண் 60 கிலோவை அடையும்போது அவர் தேவை 1,691 கலோரியாகக் குறைந்திருக்கும். அதே உணவை உண்டாலும் தொடக்கத்தில் 500ஆக இருந்த குறை 360 ஆகிவிடும். இதை மன உறுதியின் குறையாகக் கருதிப் பலர் தம்மையே நொந்துகொள்கின்றனர். உண்மையில் இது வெறும் கணக்கு.

இதற்கும் மேலாக உடல் தன் செலவைத் தானே சுருக்கிக்கொள்கிறது. 1944-45இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீசு நடத்திய ஆய்வில், 36 ஆண்கள் 24 வாரம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,570 கலோரி உண்டு, எடையில் நான்கில் ஒரு பங்கை இழந்தனர். அவர்களுக்கு எப்போதும் குளிரெடுத்தது, மனச்சோர்வு வந்தது, சிந்தனை முழுதும் உணவைப் பற்றியதாயிற்று. அமெரிக்கத் தொலைக்காட்சி எடைக்குறைப்புப் போட்டியொன்றின் பங்கேற்பாளர் 14 பேரைப் பற்றிக் கெவின் ஆல் குழுவினர் 2016இல் வெளியிட்ட ஆய்வும் குறிப்பிடத்தக்கது. போட்டி முடிந்து ஆறு ஆண்டுகளுக்குப் பின்னும் அவர்களின் ஓய்வுநிலைச் செலவு, எதிர்பார்த்ததை விட நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி குறைவாக இருந்தது.

கணக்கில் நேரும் பிழைகள்

1992இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், உணவைக் குறைத்தும் எடை குறையவில்லை என்று கூறிய பருமனானோர், தாம் உண்டதைச் சராசரியாக 47 விழுக்காடு குறைத்துக் கூறியிருந்தமை தெரியவந்தது. வேண்டுமென்றே பொய் சொல்லாமலும் இது நேரும். தாளிப்பில் ஊற்றும் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி. இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரையுடன் நாளுக்கு நான்கு தேநீர் என்றால் சர்க்கரை மட்டும் 160 கலோரி. 100 கிராம் அரிசியில் ஏறத்தாழ 350 கலோரியும், 100 கிராம் சோற்றில் ஏறத்தாழ 130 கலோரியும் உள்ளன; இரண்டையும் குழப்பிக்கொள்வது வழக்கமான பிழை.

சமன்பாடு தருவது தொடக்க மதிப்பீடு மட்டுமே. மூன்று நான்கு வாரம் அதைப் பின்பற்றி, அன்றாட எடையின் வாரச் சராசரியைப் பார்த்து, 100 அல்லது 150 கலோரி கூட்டியோ குறைத்தோ சரிசெய்ய வேண்டும். மாதவிடாயை ஒட்டி உடலில் நீர் தேங்குவதால், பெண்கள் ஒரு மாதச் சுழற்சியின் அதே கட்டங்களை ஒப்பிடுவது பொருத்தம்.

தவிர்க்க வேண்டியோர்

கருவுற்றோர், பாலூட்டுவோர், வளரும் சிறுவர், உணவுண்ணல் கோளாறு இருந்தோர் ஆகியோர் தாமாகக் கலோரியைக் குறைக்கக்கூடாது. இன்சுலினோ, இன்சுலின் சுரப்பைத் தூண்டும் மாத்திரையோ எடுக்கும் நீரிழிவு நோயாளிகள் உணவைக் குறைத்தால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழக்கூடும். ஆகவே அவர்கள் மருந்தின் அளவை மருத்துவரிடம் முன்கூட்டியே மாற்றியமைத்துக்கொள்ள வேண்டும்.