வண்டியின் அடியில் ஒரு சிவப்புச் சொட்டு

கர்நூலிலிருந்து ராணிப்பேட்டை நோக்கி வரும் 40ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையிலிருந்து திருப்பதிக்கான 140ஆம் எண் சாலை பிரியும் இடம் புத்தலப்பட்டு. வேலூர், சித்தூர் வழியாகத் திருமலைக்குக் காரில் செல்வோர் பலர் இந்தச் சந்திப்பில் தேநீருக்காகச் சற்று நிற்பதுண்டு. சென்ற கோடையில் நாங்களும் அப்படித்தான் நின்றோம்.

தேநீர் அருந்திவிட்டுத் திரும்பியபோது, முன்சக்கரங்களுக்கு இடையே தரையில் உள்ளங்கை அளவு ஈரம் தெரிந்தது. ஏ.சி. நீராக இருக்கும் என்று முதலில் தேற்றிக்கொண்டோம். வெயிலில் ஓடிவந்து நிற்கும் எந்தக் காரின் அடியிலும் அது சொட்டும், கவலைக்குரியதன்று. ஆனால் தொட்டுப் பார்த்தபோது விரல் வழுக்கியது. வெள்ளைக் கைக்குட்டையில் துடைத்தோம். கறை சிவப்பாகப் படிந்தது.

அந்தச் சிவப்பு எங்களுக்குப் புதிதன்று. ஒரு மாதத்திற்கு முன்பு எங்கள் ஊர்ப் பணிமனை ஒன்றில், எஞ்சினும் கியர்பாக்ஸும் இணையும் இடத்தில் ஈரம் கண்டு, கியர்பாக்ஸை இறக்கி உள்ளே இருக்கும் ஆயில் சீலை மாற்றவேண்டும் என்றார்கள். இறக்கிய பிறகு வேறு என்னென்ன தெரியவருமோ சொல்ல இயலாது என்ற எச்சரிக்கையுடன் ஐந்திலக்கத் தொகை ஒன்றையும் தாளில் எழுதிக் கொடுத்தார்கள். விடுமுறை கழியட்டும் என்று தள்ளிப்போட்டோம். அது தவறான முடிவு என்பது, பின்னிருக்கையில் வயது முதிர்ந்த தாயாரும் முன்னே மலைப்பாதையுமாக நடுவழியில் நின்றபோதுதான் உறைத்தது.

எங்களுடையது பத்து ஆண்டு ஓடிய ஆட்டோமேட்டிக் கார். இவ்வகை வண்டியின் கியர்பாக்ஸில் இருக்கும் எண்ணெய் வெறும் மசகு மட்டுமன்று. எஞ்சினின் சுழற்சியை டார்க் கன்வர்ட்டர் வழியே சக்கரங்களுக்குக் கொண்டு செல்வது அதுவே; உள்ளிருக்கும் கிளட்ச் தகடுகளை அழுத்திப் பிடிப்பது அதன் அழுத்தமே; வெப்பத்தை வெளியே எடுத்துச் செல்வதும் அதுவே. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1940ஆம் ஆண்டு மாடல் ஓல்ட்ஸ்மொபில் கார்களில் ‘ஹைட்ராமேட்டிக்’ என்ற பெயரில் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கான எண்ணெய்க்கு ‘டைப் ஏ’ என்னும் தரநிர்ணயம் 1949இல் வந்தது. எஞ்சின் ஆயிலுடன் குழம்பாதிருக்கச் சிவப்புச் சாயம் கலக்கும் வழக்கமும் வேரூன்றியது. இச்சாயம் எண்ணெயின் வேலைக்கு எவ்விதத்திலும் உதவுவதில்லை. பார்ப்பவர் கண்ணுக்காக மட்டுமே சேர்க்கப்படுகிறது. (எழுபதுகளின் தொடக்கம் வரை இந்த எண்ணெயில் திமிங்கில எண்ணெயும் ஒரு சேர்மானமாக இருந்தது என்பதை அறிந்தபோது வியப்பாக இருந்தது.)

முக்கியமான செய்தி ஒன்று உண்டு. எஞ்சின் ஆயில் ஓட்டத்தில் சிறிதளவு எரிந்து குறைவது இயல்பு. கியர்பாக்ஸ் எண்ணெய் எரிவதில்லை. அதன் மட்டம் குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்றே பொருள்.

சந்திப்பிலிருந்து சற்றுத் தள்ளிப் புளியமரத்தடியில் ஒரு மெக்கானிக் கடை இருந்தது. டிராக்டர் ஒன்றைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தவர் நாங்கள் சொன்னதைக் கேட்டுவிட்டு எழுந்து வந்தார். தெலுங்குச் சாயல் கலந்த தமிழ். எந்தக் கருவியையும் கையில் எடுக்கும் முன் அவர் கேட்டது ஒரே கேள்வி.

“ராத்திரி முழுக்க நின்னா சொட்டுதா சார், இல்ல ஓடி வந்து நின்னா சொட்டுதா?”

யோசித்துப் பார்த்தோம். வீட்டு வாசலில் காலை வேளைகளில் கறை கண்டதில்லை. ஓடி வந்து நின்ற பிறகுதான் சொட்டியது.

“அப்ப எதுக்கு சார் கியர்பாக்ஸ இறக்கணும்?”

அக்கேள்வியின் பின்னிருந்த தர்க்கத்தைப் பிறகுதான் விளங்கிக்கொண்டோம். வண்டி நெடுநேரம் நிற்கும்போது, மேலே சுழன்றுகொண்டிருந்த எண்ணெய் மெல்ல வடிந்து அடித்தட்டில் சேரும். அங்கே மட்டம் உயரும். ஆயில் பேன் கேஸ்கெட், டிரெயின் பிளக் வாஷர், ஆக்சில் சீல் போன்றவற்றில் குறையிருந்தால் நிற்கும்போதும் சொட்டும். மாறாக, எண்ணெயைக் குளிர்விக்க ரேடியேட்டருக்குக் கொண்டு சென்று திருப்பிக் கொணரும் குழாய்களில், எஞ்சின் ஓடும்போது மட்டுமே அழுத்தம் இருக்கும். அங்குள்ள கசிவு ஓட்டத்தில் பெருகி, ஓய்வில் அடங்கிவிடும். சொட்டும் நேரமே பாதி விடையைச் சொல்லிவிடுகிறது.

அடுத்து அவர் பார்த்தது ஸ்டியரிங் எண்ணெய்ச் சிமிழ். பழைய ஹைட்ராலிக் பவர் ஸ்டியரிங் வண்டிகள் பலவற்றிலும் இதே சிவப்பு எண்ணெய்தான் ஊற்றப்படுகிறது. சிவப்பைக் கண்டவுடன் கியர்பாக்ஸ் மீது பழிபோடுவது பெரும் பிழை. எங்கள் சிமிழில் மட்டம் குறையவில்லை. பிறகு எஞ்சினை ஓடவிட்டு, லீவரை ‘பி’யில் வைத்து, கியர்பாக்ஸ் டிப்ஸ்டிக்கை உருவினார். கீழ்க்கோட்டிற்கும் சற்றுக் கீழே இருந்தது. விரலில் தேய்த்து மோந்து பார்த்தார். கருகிய நாற்றம் இல்லை; கிளட்ச் தகடுகள் பிழைத்திருந்தன. பாலில் கலந்ததுபோல் இளஞ்சிவப்பாகவும் இல்லை; அப்படியிருந்தால் ரேடியேட்டருக்குள் கூலண்டும் எண்ணெயும் கலந்துவிட்டன என்று கொள்ளவேண்டும். அது வேறு கதை, செலவும் வேறு. (எல்லா வண்டிகளுக்கும் இம்முறை பொருந்தாது. சிலவற்றில் எஞ்சினை நிறுத்திய பிறகே அளக்கவேண்டும். புதிய வண்டிகள் பலவற்றில் டிப்ஸ்டிக்கே கிடையாது. வண்டியுடன் வந்த கையேடுதான் அதிகாரம்.)

வண்டியை ஜாக்கில் தூக்கி, இருபுறமும் இரும்பு ஸ்டாண்டு கொடுத்த பிறகே அவர் அடியில் நுழைந்தார். வெறும் ஜாக்கை நம்பி வண்டிக்கடியில் படுப்பவர்களை நாம் அன்றாடம் பார்க்கிறோம். அவர்கள் உயிரோடு விளையாடுகிறார்கள். ஊர்ப் பணிமனை சுட்டிக்காட்டிய இணைப்பில் ஈரம் இருந்தது உண்மைதான். அவர் அதில் நிற்கவில்லை. டீசலில் நனைத்த துணியால் கியர்பாக்ஸின் வெளிப்புறம் முழுவதையும் துடைத்துக் காயவிட்டார். மாம்பழப் பெட்டி ஒன்றைக் கிழித்து அட்டையை அடியில் விரித்தார். சித்தூர் மாவட்டத்தில் மாம்பழப் பெட்டிக்குப் பஞ்சமில்லை. எஞ்சினைக் கால்மணி நேரம் ஓடவிட்டோம்.

எண்ணெய் சொட்டும் இடமும் கசியும் இடமும் பெரும்பாலும் ஒன்றல்ல. எண்ணெய் கீழ்நோக்கி வழியும். ஓடும்போது முகத்திலடிக்கும் காற்று அதைப் பின்னோக்கித் தள்ளும். ஆகவே ஈரத்தின் மிக உயரமான, மிக முன்னாலிருக்கும் புள்ளியைத் தேடவேண்டும். டார்ச் வெளிச்சத்தில் அப்புள்ளி தெரிந்தது. ரேடியேட்டருக்குச் செல்லும் ரப்பர் குழாயின் முனையில், வெப்பத்தில் தளர்ந்துபோன கிளிப்பைச் சுற்றி ஒரு மெல்லிய சிவப்பு வளையம். அங்கிருந்து வழிந்து, காற்றில் பரவி, பின்னாலிருந்த இணைப்பில் தேங்கியிருக்கிறது. அதைத்தான் ஒரு மாதத்திற்கு முன்பு உள்சீல் கசிவு என்று எண்ணிவிட்டார்கள்.

குழாயின் முனை வெடித்திருந்தது. எண்ணெய்க்கும் வெப்பத்திற்கும் தாங்கும் புதுக்குழாய்த் துண்டும் இரண்டு திருகு கிளாம்பும் சித்தூரிலிருந்து வர ஒன்றரை மணி நேரமாயிற்று. தண்ணீர்க் குழாயைப் போட்டு அப்போதைக்குச் சமாளிக்கலாமா என்று நாங்கள் கேட்டதற்கு அவர் பதில் சொல்லவில்லை, சிரித்தார். கையேட்டில் குறித்திருந்த ரக எண்ணெயையே வாங்கிவரச் சொல்லி, சிறிது சிறிதாக ஊற்றி அளந்தார். அளவுக்கு மேல் ஊற்றுவதும் ஆபத்தே. நுரைத்துக் காற்றுத் துளை வழியே வெளியேறி, மீண்டும் கசிவுபோலவே தோற்றமளிக்கும். அவர் கேட்ட கூலி, முன்பு எழுதிக் கொடுத்த தொகையின் ஒரு மூலையைக்கூட எட்டவில்லை.

வங்கியின் இதழ் என்பதால் இன்னொன்றையும் சொல்லியாகவேண்டும். வாகனக் கடனுக்கு ஈடாக நிற்கும் கார் பணிமனையில் கிடந்தாலும் மாதத் தவணை நிற்பதில்லை. காப்பீடு இருக்கிறதே என்று எண்ணுவோரும் உண்டு. நம் நாட்டின் வழக்கமான முழுக் காப்பீட்டில் தேய்மானமும் இயந்திரப் பழுதும் அடங்கா. சாலைக் கல் மோதி ஆயில் பேன் உடைந்தால் அது விபத்து, இழப்பீடு கோரலாம். ஆனால் உடைந்தது தெரிந்தும் பழுதுபார்க்காமல் ஓட்டிச் சென்று கியர்பாக்ஸ் பாழானால், அந்தக் கூடுதல் சேதம் வாகன உரிமையாளரின் பொறுப்பு என்று பாலிசியின் நிபந்தனை தெளிவாகவே கூறுகிறது. சிவப்புச் சொட்டைக் கண்ட இடத்தில் எடுத்த ஒரு புகைப்படமும், இழுவண்டிக்குச் செய்த ஓர் அழைப்பும், பின்னாளில் பெரும் தொகையைக் காக்கக்கூடும்.

மலையேற்றத்தைப் பற்றியும் ஒரு சொல். திருமலைக்கு இரண்டு மலைப்பாதைகள். 1944இல் திறக்கப்பட்டது இப்போது இறங்குவதற்கும், பிற்பாடு அமைந்தது ஏறுவதற்கும் பயன்படுகின்றன. முழுச்சுமையோடு குறைந்த வேகத்தில் ஏறும்போதுதான் டார்க் கன்வர்ட்டர் மிக அதிகமாகச் சூடேறும். மட்டம் குறைந்த கியர்பாக்ஸ் அப்போது காற்றை உறிஞ்சும், அழுத்தம் விழும், எஞ்சின் உறுமினாலும் வண்டி நகராது. ‘டி’யில் போட்ட பிறகு வண்டி நகரத் தாமதிப்பது இதன் முதல் அறிகுறி. நாங்கள் ஒரு மாதமாக அந்தத் தாமதத்தை வண்டியின் வயதின் மேல் போட்டுக்கொண்டிருந்தோம்.

“ஏறலாமா?” என்று மெக்கானிக்கைக் கேட்டோம்.

“ஏறலாம் சார். ஆனா இன்னிக்கு பஸ்ல போங்க. நாளைக்குக் காலைல அட்டையப் பாருங்க.”

அப்படியே திருப்பதியில் விடுதி வாசலில் காரை நிறுத்தி, அடியில் அந்த மாம்பழ அட்டையின் மறுபக்கத்தை விரித்துவிட்டு, தாயாரைப் பேருந்தில் அழைத்துச் சென்றோம். நின்ற வண்டியின் அட்டை மட்டும் போதாது என்று அறிந்திருந்ததால், மறுநாள் காலை சந்திரகிரி வரை ஓட்டிச் சென்று திரும்பி வந்து, அதே அட்டையின் மேல் மீண்டும் நிறுத்தினோம். அரைமணி கழித்துக் குனிந்து பார்த்தபோது ஒரு மூலையில் மட்டும் ஈரம் இருந்தது. விரலால் தொட்டோம். தண்ணீர்.