பந்தியில் இடம்

கல்யாணத்துக்கு நாள் பார்ப்பவர் உண்டு. நகை பார்ப்பவர் உண்டு. நல்ல சமையற்காரரைத் தேடி ஊர் ஊராக அலைபவரும் உண்டு. ஆனால், வருகின்ற விருந்தினர் எங்கே, எப்போது, யார் அருகில் அமர்ந்து உண்பார்கள் என்பதை முன்கூட்டியே எண்ணிப் பார்ப்பவர் மிகச் சிலரே. கல்யாணம் நடந்து பத்து ஆண்டுகள் கழிந்த பின்னும் சுற்றத்தார் நெஞ்சில் நிற்பதோ பெரும்பாலும் இந்த ஒரு செய்திதான். பாயசத்தில் இனிப்புக் குறைந்ததை மறந்துவிடுகிறார்கள்; தமக்கு இலை போடாமல் நிற்க வைத்ததை மறப்பதில்லை. மாணவ நேயர்களே, விருந்தில் இடம் அமைப்பதைப் பற்றி இன்று உங்களோடு சிறிது பேச விரும்புகிறேன். இதில் கணக்கும் உண்டு, சரித்திரமும் உண்டு.

முதலில் கணக்கைப் பார்ப்போம். மண்டபத்தின் உணவுக்கூடம் 60 அடி நீளமும் 30 அடி அகலமும் உடையது என்று கொள்வோம். தரையில் பாய் விரித்துச் சம்மணமிட்டு அமரும் ஒருவருக்குப் பக்கவாட்டில் 2 அடியாவது வேண்டும். இல்லையேல் முழங்காலோடு முழங்கால் இடிக்கும். ரசம் அண்டை இலைக்குப் பாயும். நீளத்தில் இரு முனையிலும் 4 அடி வழி விட்டால் எஞ்சுவது 52 அடி. ஆகவே ஒரு வரிசைக்கு 26 இலைகள். இனி அகலம். அமர்பவருக்கு இரண்டரை அடி, அவர் முன் இலைக்கு ஒன்றேகால் அடி, நடுவே பரிமாறுவோர் நடக்க மூன்றரை அடி, எதிர் வரிசைக்கு மீண்டும் அவ்வளவே. எதிரெதிராக அமரும் இரு வரிசைகளுக்கு ஆக 11 அடி. இப்படி இரண்டு இணைகளுக்கு 22 அடி. முதுகுப்புறம் நடுவில் 2 அடியும் சுவரோரங்களில் மும்மூன்று அடியும் சேர்த்தால் 30 அடி சரியாகிவிடுகிறது. நான்கு வரிசை, வரிசைக்கு 26. ஒரு பந்திக்கு 104 பேர்.

விருந்தினர் 500 பேர் என்றால் ஐந்து பந்திகள். இலை போடுவது முதல் எடுத்துத் துடைப்பது வரை பந்திக்கு 40 நிமிடம் என்று தாராளமாகவே வைப்போம். பகல் 11 மணிக்கு முதற்பந்தி தொடங்கினால், ஐந்தாம் பந்திக்கு இலை விழுவது 1 மணி 40 நிமிடத்துக்கு. நான்கு பந்தியில் 416 பேர் உண்டு எழுந்துவிடுவார்கள். மிச்சம் 84 பேர்.

அந்த 84 பேர் யார்? எண்கணிதம் இதற்கு விடை சொல்லாது. மாப்பிள்ளை வீட்டார் முதற்பந்தி என்பது பழைய வழக்கம். ஊர்ப் பெரிய மனிதர்களை எவரேனும் கைப்பிடித்து அழைத்துச் சென்று அமர்த்திவிடுவார். ‘பந்திக்கு முந்து’ என்று பழமொழியே இருப்பதால், கூச்சமில்லாதவர்கள் தாமாகவே முந்திவிடுவார்கள். (அந்தப் பழமொழிக்கு வலக்கையை வைத்துப் புதுப்பொருள் கூறுவாரும் உண்டு, நான் அதை நம்புவதில்லை.) கடைசியில் நிற்பவர்கள் பெண் வீட்டுப் பெண்டிர், விடியற்காலை முதல் வாசித்துக் களைத்த நாகசுரக்காரர், அடுப்படியில் வெந்தவர், வண்டி ஓட்டி வந்தவர், கூப்பிட்டதற்காக வந்த ஏழை உறவினர் ஆகியோர். அவர்கள் இலைக்கு வரும்போது அப்பளம் தீர்ந்திருக்கும்; சாம்பாரில் வெந்நீர் சேர்ந்திருக்கும்.

இலையிலும் தரம் உண்டு. நுனியோடு கூடிய தலைவாழை இலை மதிப்புக்குரியவருக்கு. நுனியை அறுத்தெடுத்த பின் எஞ்சும் ஏடு மற்றவருக்கு. நுனி உண்பவரின் இடக்கைப் பக்கம் இருக்க வேண்டும் என்பதைக் கண்டிப்பாகப் பார்க்கும் நாம், நுனி யாருக்குக் கிடைத்தது என்பதைக் கவனிப்பதில்லை. கிடைக்காதவர் கவனித்துக்கொள்கிறார்.

இவற்றை எல்லாம்விடக் கொடியது ஒன்று உண்டு. இலையில் அமர்ந்துவிட்டவரை, “நீங்கள் அடுத்த பந்தியில் பார்த்துக்கொள்ளலாம்” என்று எழுப்புவது. நான் ஒரு கல்யாணத்தில் இதைக் கண்ணால் கண்டேன். சம்பந்தி வீட்டார் இருவர் தாமதமாக வந்தனர். இடமில்லை. பரிமாறும் பொறுப்பில் இருந்தவர் வரிசையை ஒருமுறை நோக்கினார்; சட்டை வெளுத்துப் போயிருந்த ஒரு முதியவரிடம் சென்று குனிந்து ஏதோ கூறினார். முதியவர் இலையில் தெளித்த நீரைக் கையால் துடைத்துவிட்டு எழுந்தார். அடுத்த பந்தியில் நான் அவரைத் தேடினேன். அவர் மண்டபத்திலேயே இல்லை.

யாரோடு யார் அமர்வது என்ற கேள்வி நம் நாட்டு அரசியலையே அசைத்ததை இளைஞர்கள் அறிந்திருக்க வேண்டும். வ. வே. சு. ஐயர் 1922-இல் திருநெல்வேலிச் சீமையில் சேரன்மாதேவியில் ஒரு குருகுலம் நிறுவினார். தேசியக் கல்வி தருவதே அதன் நோக்கம். காங்கிரஸ் நிதியும் அதற்கு உதவியது. அங்கே பிராமண மாணவர் சிலருக்கு மட்டும் தனியே உணவு படைக்கப்பட்டது என்ற செய்தி வெளிவந்ததும் தமிழ்நாடெங்கும் பெரும் வாதம் மூண்டது. வரதராஜுலு நாயுடுவும் ஈ. வெ. ராமசாமியும் அதை வன்மையாக எதிர்த்தார்கள். 1925-இல் ஈ. வெ. ரா. காங்கிரஸைவிட்டு விலகியதற்குக் காரணங்கள் பல. இந்தப் பந்திப் பிரச்சினையும் அவற்றுள் ஒன்று. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955-இல் அதற்கெனத் தண்டனைச் சட்டமும் வந்தது. விடுதலை நாளன்று தமிழகக் கோயில்களில் அனைவரும் ஒன்றாக அமர்ந்து உண்ணும் பொது விருந்து நடைபெறுகிறது. ஆனால் ஒருவர் தம் வீட்டுக் கல்யாணத்தில் எவரை எந்தப் பந்திக்கு அழைக்கிறார் என்பதை எந்தச் சட்டமும் எட்டிப் பார்ப்பதில்லை. அது வீட்டாரின் மனத்தைப் பொறுத்தது.

மேசையும் நாற்காலியும் வந்த பின்னர், மாலை வரவேற்புகளில் வட்ட மேசைகளும் வந்துவிட்டன. இங்கே புதுக் கவலை ஒன்று பிறக்கிறது. பேச்சுவார்த்தையற்ற இரு மாமன்மார் எந்தக் குடும்பத்தில்தான் இல்லை? எட்டுப் பேரை ஒரு நேர்வரிசையில் 40,320 வகையாக அமர்த்தலாம். இவற்றுள் 10,080 வகைகளில் அவ்விருவரும் அடுத்தடுத்து அமர்ந்துவிடுவார்கள். அதாவது, கண்ணை மூடிக்கொண்டு அமர்த்தினால் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. வட்ட மேசையிலோ, யார் யாருக்கு எப்பக்கம் என்பதை மட்டும் கருதினால், மொத்தம் 5,040 வகை. அவற்றுள் 1,440-இல் இருவரும் அண்டை அயல். இஃது ஏழில் இரண்டு பங்கு. வட்ட மேசை சண்டையைச் சற்றே வளர்க்கிறது! காரணம் எளிது. நேர்வரிசையில் அடுத்தடுத்த இணைகள் ஏழுதான். இரு முனைகளையும் சேர்த்து வட்டமாக்கினால் எட்டாவது இணை ஒன்று உண்டாகிவிடுகிறது. ஆயினும் கலங்க வேண்டுவதில்லை. மாமன்மாரைப் பிரித்து அமர்த்த 3,600 வழிகள் எஞ்சியிருக்கின்றன.

எதுவார் லூக்கா என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர் 1891-இல் இதைவிடக் கடினமான ஒரு வினாவை எழுப்பினார். தம்பதிகள் சிலரை வட்ட மேசையில் ஆணும் பெண்ணும் மாறிமாறி வருமாறு அமர்த்த வேண்டும். எந்தக் கணவனும் தன் மனைவி அருகில் இருக்கலாகாது. எத்தனை வழி? நாற்காலிகளுக்கு எண் இட்டு எண்ணினால், மூன்று தம்பதிகளுக்கு 12, நான்குக்கு 96, ஐந்துக்கு 3,120. நம் நாட்டில் ஆண் பந்தியும் பெண் பந்தியும் நெடுங்காலம் தனித்தனியே நடந்தமையால் இவ்வினா எழ வழியே இல்லை. அதே ஆண்டில் லூக்கா ஒரு விருந்தில் இருந்தபோது, பணியாள் தவறவிட்ட பாத்திரம் உடைந்து, ஒரு துண்டு அவர் கன்னத்தைக் கிழித்தது. சில நாட்களில் அவர் காலமானார் என்பது வருந்தத்தக்க செய்தி.

இனி, உங்கள் வீட்டுக் கல்யாணத்தில் பந்திப் பொறுப்பு உங்களிடம் வந்தால் செய்யத்தக்கவற்றைச் சொல்கிறேன். 104 இலை விழும் கூடத்தில் 98 பேரை மட்டும் அழையுங்கள். அந்த ஆறு இலைகள் இருந்தால் எவரையும் எழுப்ப நேராது. ஐந்து பந்திக்கு 490 பேர் ஆகிறது. எஞ்சும் பத்துப் பேர் நீங்களும் உங்கள் நண்பர்களுமாக இருக்கட்டும். முதியோர், குழந்தைகள், வேளை தவறாமல் மருந்து உண்ண வேண்டிய நீரிழிவு நோயாளர் ஆகியோரின் பட்டியலை முந்தின இரவே எழுதிக்கொண்டு, எந்த வீட்டார் ஆயினும் அவர்களை முதற்பந்தியில் அமர்த்துங்கள். நாகசுரக்காரருக்கு இரண்டாம் பந்தியில் இடம் குறித்துவிடுங்கள். ‘பிறகு சாப்பிடுகிறோம்’ என்று அவர்கள் பழக்கத்தால் சொல்வார்கள், கேட்காதீர்கள். ஐந்தாம் பந்திக்கெனப் போதிய அப்பளத்தையும் ஓர் அடுக்கு நுனி இலையையும் முதலிலேயே எடுத்து, தனி அறையில் வைத்துப் பூட்டி, சாவியை உங்கள் இடுப்பிலேயே செருகிக்கொள்ளுங்கள்.