கம்ப்யூட்டர் பிடித்த கச்சேரி

மார்கழி வந்தால் கோபாலபுரத்து ரசிகர்களுக்கு ஒரு தர்மசங்கடம்: சபாவில் ஒரு கச்சேரி, அதே வேளையில் டெலிவிஷனில் மற்றொன்று! வீட்டுக் கம்ப்யூட்டரில் 'ட்யூனர் கார்டு' என்னும் சிறு பலகையைச் செருகி இதற்கு நாம் வழி கண்டிருந்தோம். நாம் சபாவில் தாளம் போடுகையில், அது குறித்த நேரத்தில் விழித்துப் பதிவு செய்யும். மணிக்குச் சுமார் 2 ஜிகாபைட் இடம் பிடிக்கும், அவ்வளவுதான்.

2003 செப்டம்பர் 1-ந் தேதி வந்தது வினை. கட்டணச் சானல்களுக்குச் 'செட்-டாப் பாக்ஸ்' வேண்டுமென்ற விதி, நான்கு மாநகரங்களில் சென்னையில் மட்டுமே முழுமையாக அமலாயிற்று. தூர்தர்ஷன் போன்ற இலவசச் சானல்கள் வழக்கம்போல் கார்டுக்கு எட்டின. பூட்டிய சானலுக்கோ பெட்டியிலிருந்து தனியே கம்பி இழுக்க வேண்டும். பெட்டி எந்தச் சானலில் நிற்கிறதோ அதுவே பதிவாகும்.

ஒரு நாள் புறப்படும் அவசரத்தில் சானலைத் திருப்ப மறந்தோம். ராகம் தானம் பல்லவிக்குப் பதில் இரண்டு மணி நேரக் கிரிக்கெட்! அந்தக் கச்சேரியை மறுபடி ஒளிபரப்பவேயில்லை.