துளையிட்ட குழலும் அடங்கா ஒலியும்

ஆங்கிலப் படங்களைப் பார்த்து வரும் மாணவர்கள் என்னிடம் அடிக்கடி ஒரு வினா எழுப்புவர். கதாநாயகன் சுழல் துப்பாக்கியின் நுனியில் ஒரு சிறு உருளையைத் திருகிச் சுடுகின்றான். இருமினாற் போன்ற ஓசை மட்டுமே கேட்கின்றது. இஃது உண்மையில் நிகழுமா என்பது அவ்வினா. விஞ்ஞான ஆசிரியரை விடுத்து என்னிடம் வருவது ஏனோ அறியேன். ஆயினும் ஒலியின் பிறப்பு இலக்கணம் கற்பிப்போனுக்கும் உரிய பொருளேயாதலின், விடை கூற முற்படுகின்றேன்.

ஐக்கிய அமெரிக்காவிற் குறிபார்த்துச் சுடுதலை விளையாட்டாகப் பயில்வோர் பலர். அவருட் சிலர், குழலின் நுனிக்கருகே மேற்புறமாகச் சிறு துளைகள் இடப்பெற்ற சுழல் துப்பாக்கிகளை வைத்துள்ளனர். அத்தகைய துப்பாக்கியின் ஒலி காதைப் பிளக்கின்றது. குழலை எவ்வாறேனும் மாற்றி ஒலியைக் குறைத்தல் கூடுமோ என்பது அவர்களது கவலை. மாணவர் வினாவும் இவர் கவலையும் அடிப்படையில் ஒன்றே.

எழுத்துக்களின் பிறப்பைத் தொல்காப்பியர் பிறப்பியலிற் கூறுகின்றார். உந்தியிலிருந்து எழும் வளி, தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்னும் எட்டு இடங்களோடு பொருந்தி வெவ்வேறு எழுத்தொலியாகின்றது. பகரத்தை ஒலித்துப் பாருங்கள். இதழ்கள் மூடுகின்றன, வளி பின்னே தேங்குகின்றது, இதழ் திறந்ததும் வெடித்து வெளிப்படுகின்றது. துப்பாக்கியின் ஒலியும் இவ்வகையினதே. தோட்டாவில் உள்ள மருந்து எரிந்து வாயுவாகின்றது. 1935 ஆம் ஆண்டில் வெளிவந்த ·357 மக்னம் என்னும் தோட்டாவில் அவ்வாயுவின் அமுக்கம் சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 35,000 இறாத்தல் வரை உயரக்கூடும். சன்னம் குழலை விட்டு நீங்கியவுடன், அதுவரை அதன் பின்னே அடைபட்டிருந்த வாயு திடீரெனப் புறத்தே விரிந்து காற்றைத் தாக்குகின்றது. நாம் கேட்கும் வெடியோசையிற் பெரும் பகுதி அதுவே.

வேறோர் ஓசையும் உண்டு. காற்றில் ஒலி செக்கனுக்கு ஏறக்குறைய 343 மீற்றர் செல்லும். மக்னம் சன்னமோ 400 மீற்றரையும் தாண்ட வல்லது. ஒலியை முந்தும் சன்னம் சவுக்குச் சொடுக்கினாற் போன்ற ஓசையைத் தன்னுடன் இழுத்துச் செல்லும். குழலின் நுனியில் எதனைப் பூட்டினாலும் இவ்வோசையை நிறுத்த இயலாது.

இனிச் சுழல் துப்பாக்கியின் தனி இயல்பைக் காண்போம். தோட்டாக்களைத் தாங்கும் உருளை தடையின்றிச் சுழலவேண்டுமாயின், அதற்கும் குழலுக்கும் இடையே ஒரு சிறு வெளி இருத்தல் வேண்டும். ஒரு மில்லிமீற்றரின் ஐந்திலொரு பங்குமில்லாத அவ்வெளியின் வழியே, ஒவ்வொரு வெடியின்போதும் சுடும் வாயு பக்கவாட்டிற் பீறிடுகின்றது. நுனியில் எத்துணைச் சிறந்த ஒலியடக்கியைப் பூட்டினும் இந்த இடைவெளி வாய் மூடாது. திரைப்படக் கதாநாயகனின் வித்தை பலியாமைக்குக் காரணம் இதுவே.

குழலில் இடும் துளைகளின் நோக்கம் வேறு. சுடும்போது துப்பாக்கியின் நுனி மேலே எழும்புகின்றது. வாயுவின் ஒரு பகுதியை மேல்நோக்கிச் செலுத்தினால், அதன் எதிர்விசை நுனியைக் கீழே தள்ளும். அடுத்த குறி விரைவிற் கைகூடும். மகரத்தை ஒலிக்கும்போது வளி மூக்கின் வழியாகவும் செல்வதால் அது மெல்லினமாகின்றதே, துளையிட்ட குழலும் அவ்வாறே மென்மையுறாதோ என ஒரு மாணவன் கேட்டான். நல்ல கேள்வி. மகரத்தில் வளி தேங்குவதற்கு முன்பே மூக்கு வழி திறந்திருக்கின்றது. குழலிலோ பேரமுக்கம் உண்டான பின்னரே சன்னம் துளைகளைக் கடக்கின்றது. ஆகவே துளை ஒவ்வொன்றும் புதியதொரு பகரமாகின்றது. அதுவும், சுடுவோனின் முகத்துக்கு நுனியை விட அருகில்.

அவ்வாறாயின் செய்யத்தக்கது யாது? துளைகளை உலோகத்தால் அடைக்கலாம் என்பர் சிலர். அவ்வமுக்கத்திற்கு முன் அடைப்பு பிடுங்கி எறியப்படின் அருகில் நிற்போர் கதி என்னாகும் என்று அவர்கள் எண்ணுவதில்லை. துளையுள்ள பகுதியை வெட்டி அகற்றினாற் குழல் குறுகும். நுனி முகத்துக்கு இன்னும் அருகாகும். எரிந்து முடியாத மருந்து வெளியே வந்து ஓசையை மிகுவிக்கும். துளையற்ற குழலைத் தக்க தொழில் வல்லுநர் கொண்டு பொருத்துவித்தல் ஒன்றே நேரிய மாற்றம். அதனாலும் துளையில்லாத சுழல் துப்பாக்கியின் ஓசையே எஞ்சும். அதுவும் செவிக்கு ஆபத்தானதே.

ஒலியடக்கிக்கு 1909 இல் உரிமைப்பத்திரம் பெற்றவர் ஹைரம் பேர்சி மக்சிம் என்னும் அமெரிக்கர். வாயுவைப் படிப்படியாக விரிந்து ஆறச்செய்து வெளிவிடுதல் அவர் முறை. மோட்டார் வண்டியின் புகைக்குழாய் ஓசையைத் தணிப்பதிலும் அதே தத்துவத்தை அவர் கையாண்டார். இவருடைய தந்தையார் ஹைரம் ஸ்ரீவன்ஸ் மக்சிம், இயந்திரத் துப்பாக்கியை ஆக்கியவர். முதுமையிற் செவிப்புலனை இழந்தவர்.

சுழல் துப்பாக்கிகளுள் ஒரு விதிவிலக்கு உண்டு. பெல்ஜிய நாட்டவரான லெயோன் நாகான் வகுத்து, 1895 இல் ருஷ்யப் படை ஏற்றுக்கொண்ட ஏழு தோட்டாத் துப்பாக்கியில், சுத்தியலை இழுத்தவுடன் உருளை முன்சென்று குழலோடு நெருங்கும். சன்னம் தோட்டாவின் உறைக்குள்ளேயே ஆழ்ந்திருக்கும். உறையின் வாய் குழலுட் புகுந்து, வெடிக்கும்போது விரிந்து இடைவெளியை அடைத்துவிடும். ஒலியடக்கி அதனோடு பொருந்தியது இதனாலேயே. ஆனால் இது பிறவியிலேயே அமைந்த அமைப்பு. பிற்காலத்தில் அரத்தாலும் ஆணியாலும் உண்டாக்கத்தக்கதன்று.

ஆதலின் மாற்றவேண்டியது குழலையன்று, செவிக்கு இடும் காப்பையே. கணப்பொழுது ஓசையாயினும் 140 தெசிபெல்லைத் தாண்டினால் உட்செவிக்குக் கேடு என்பது செவிநலம் ஆராய்வோர் கொண்ட எல்லை; கைத்துப்பாக்கிகள் பல 150 ஐயும் கடப்பன. பத்துத் தெசிபெல் கூடினால் ஒலியின் வலு பத்து மடங்காகும் என்பதை நினைவிற் கொள்க. உட்செவியின் நுண்மயிர்க் கலங்கள் அழிந்தால் மீண்டும் முளையா. செவியுள் வைக்கும் அடைப்பானையும் செவிமூடியையும் ஒருங்கே அணிதல் நன்று. ஆனால் இரண்டின் பயனையும் கூட்டிக் கணக்கிடலாகாது. இரண்டாவது காப்பினால் மேலும் ஐந்து தெசிபெல் அளவே குறையும்.

நம் கல்லூரி மைதானத்திலும் இதற்கு இடமுண்டு. ஓட்டப்போட்டியைத் தொடக்கும் துப்பாக்கியிற் சன்னம் இல்லையேனும் வாயு உண்டு. கையை உயர்த்திச் சுடும் ஆசிரியர் செவியடைப்பான் அணிதல் வேண்டும். அவர் தோளருகே நின்று வேடிக்கை பார்க்கும் சிறுவர்களைப் பத்தடி தூரமேனும் அப்பால் அனுப்புதலும் வேண்டும்.