72-இல் ஒரு பங்கு விமானம்

ரேஸ் கோர்ஸ் ரோட்டுக்கு மீன்தலைக் கறி சாப்பிடப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? அந்தச் சாலைக்குப் பெயர் தந்த பழைய குதிரைப் பந்தயத் திடலில்தான் 1911 மார்ச் 16 அன்று சிங்கப்பூரின் முதல் விமானம் பறந்தது. ஓட்டியவர் பெல்ஜியத்தைச் சேர்ந்த ஜோசப் கிறிஸ்டியன்ஸ். விமானத்தின் பெயர் பிரிஸ்டல் பாக்ஸ்கைட். மரச்சட்டம், துணி, கம்பி, ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு இறக்கைகள். அவ்வளவுதான்.

அந்தத் தலைமுறை விமானங்களைத்தான் நான் வார இறுதிகளில் உள்ளங்கை அளவில் செய்துகொண்டிருக்கிறேன். எனக்கு வானொலியில் வேலை. நாள் முழுக்கப் பேச வேண்டும். அதனாலேயோ என்னவோ, இரண்டு மணி நேரம் வாய் திறக்காமல் உட்கார்ந்து செய்யும் வேலை மீது ஓர் ஆசை. கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் கிட்டை வாங்கி, பாகங்களை நறுக்கி, ஒட்டி, வண்ணம் பூசுவது பாதி வேலை. கிட்டில் இருக்கும் தவறுகளைத் திருத்துவது மீதி.

“வாங்கின பொம்மையில என்ன திருத்தம்?” என்று வீட்டுக்கு வரும் உறவினர்கள் கேட்பார்கள். கணக்கைச் சொன்னால் புரியும். நான் செய்வது 1/72 அளவு. மாதிரியில் 1 மில்லிமீட்டர் என்பது நிஜத்தில் 7 சென்டிமீட்டருக்கும் அதிகம். இறக்கையின் பின்விளிம்பு அரை மில்லிமீட்டர் தடிமனாக இருந்தால், நிஜ விமானத்தில் அது ஏறக்குறைய இரண்டு விரல் அகலப் பலகை! துணி போர்த்திய இறக்கைக்கு அப்படி ஒரு விளிம்பு இருந்திருக்க முடியாது.

இப்போது மேசையில் இருப்பது எஸ்.இ.5ஏ. முதல் உலகப் போரில் பிரிட்டன் பயன்படுத்திய ஒற்றை இருக்கைப் போர் விமானம். அதன் இறக்கை நீளம் 8.11 மீட்டர். 72-ஆல் வகுத்தால் 112.6 மில்லிமீட்டர். கேலிப்பரை வைத்து அளந்ததில், நான் வாங்கிய கிட்டில் 2 மில்லிமீட்டர் குறைந்தது. இரு முனைகளிலும் மெல்லிய பிளாஸ்டிக் துண்டை ஒட்டி, உப்புத்தாளால் தேய்த்து வளைவைக் கொண்டுவந்தேன். இறக்கைமேல் துணி தொய்ந்து கிடப்பதுபோல ஆழமான பள்ளங்கள் வேறு. நிஜத்தில் லினன் துணியைப் போர்த்தி, அதன்மேல் ‘டோப்’ என்ற திரவத்தைப் பூசுவார்கள். காய்ந்ததும் துணி மத்தளத் தோல்போல இறுகிவிடும். ஆகவே பள்ளங்களையும் தேய்த்தாயிற்று.

அடுத்தது முன்விசிறி. எஸ்.இ.5ஏ எல்லாம் ஒன்றுபோல் இருந்ததில்லை. கியர் வைத்த ஹிஸ்பானோ-சுயிசா இன்ஜின் பொருத்தியவற்றில் பெரும்பாலும் நான்கு இதழ் விசிறி. வுல்ஸ்லி வைப்பர் இன்ஜின் கொண்டவற்றில் இரண்டு இதழ். என் கிட்டில் மூக்கு வைப்பருடையது, விசிறியோ நான்கு இதழ். மாற்ற வேண்டியதாயிற்று.

இறக்கையின் சாய்வும் முக்கியம். எஸ்.இ.5ஏ-யில் மேல் இறக்கை, கீழ் இறக்கை இரண்டுமே நுனியை நோக்கி 5 டிகிரி உயரும். அதே காலத்து சாப்வித் கேமலில் கீழ் இறக்கை மட்டும் உயரும், மேல் இறக்கை நேராக இருக்கும். ஒட்டும்போது கை நழுவினால் ஒன்று மற்றொன்றாகிவிடும். அட்டையில் 5 டிகிரி அச்சு வெட்டி, அதன்மேல் இறக்கையைச் சாய்த்து வைத்து ஒட்டி, இரவு முழுக்கக் காயவிடுவேன்.

பிறகுதான் கம்பிகள். பலரும் இங்கேதான் கைவிடுவார்கள். கிட்டில் கம்பியே இருக்காது, நாமே கட்ட வேண்டும். மெல்லிய தூண்டில் நரம்பைப் பயன்படுத்தலாம். அல்லது கிட்டின் மிச்சப் பிளாஸ்டிக் குச்சியை மெழுகுவர்த்திச் சூட்டில் காட்டி இழுத்தால் தலைமுடிபோல நீளும். ஊசிமுனைத் துளை, ஒரு சொட்டு சூப்பர் குளூ, டுவீசர், நிறையப் பொறுமை.

பள்ளிக்கூடம் போகும் என் அக்கா மகன் பக்கத்தில் நின்று, “இத்தனை கம்பி எதுக்கு மாமா? அழகுக்கா?” என்று கேட்டான்.

நல்ல கேள்வி. கீழ் இறக்கையின் உள்பக்கத்திலிருந்து மேல் இறக்கையின் வெளிப்பக்கத்துக்கு ஏறும் கம்பிகள், பறக்கும்போது இறக்கை மேல்நோக்கி மடங்காமல் இழுத்துப் பிடிக்கின்றன. எதிர்த்திசையில் குறுக்கே போகும் கம்பிகள், தரையில் நிற்கும்போது இறக்கை தொங்காமல் தாங்குகின்றன. ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு சுமை. போரில் குண்டுகள் முக்கியமான கம்பிகளை அறுத்தால் இறக்கை கழன்றுவிடும் அபாயம் உண்டு. அன்றைய பிரிட்டிஷ் போர் விமானிகளுக்குப் பாராசூட்டும் கொடுக்கப்படவில்லை.

அந்த இருக்கையில் உட்கார்ந்தவர்களில் ஒருவர் இந்திரலால் ராய். 1898-இல் கல்கத்தாவில் பிறந்து லண்டனில் படித்தவர். 1917-இல் பிரிட்டிஷ் விமானப் படையில் சேர்ந்தார். அந்த ஆண்டின் இறுதியில் விபத்து, பலத்த காயம். பறக்கத் தகுதியில்லை என்றார்கள். உடம்பு தேறிவந்த நாட்களில் அவர் விமானங்களை வரைந்துகொண்டிருந்தார். அந்த ஓவியங்களில் பல இன்றும் இருக்கின்றன. விடாமல் கேட்டு, 1918 ஜூனில் 40-ஆம் படைப்பிரிவில் எஸ்.இ.5ஏ விமானியாகத் திரும்பினார். ஜூலை 6 முதல் 19 வரை, இரண்டே வாரங்களில், அவர் கணக்கில் 10 வெற்றிகள். ஜூலை 22 அன்று பிரான்ஸ் வானில் சுட்டு வீழ்த்தப்பட்டார். வயது 19. இறந்த பிறகு டி.எஃப்.சி. விருது வந்தது. அதைப் பெற்ற முதல் இந்தியர் அவர். சுதந்திர இந்தியாவின் விமானப் படைக்குத் தலைமை ஏற்ற முதல் இந்தியரான சுப்ரதோ முகர்ஜி அவருடைய உறவினர்.

இதை அக்கா மகனிடம் சொல்லி முடித்தபோது அவன் கேட்டது ஒன்றுதான்: “பத்தொன்பதுன்னா, நம்ம அண்ணன் வயசா?” ஆமாம், தேசிய சேவையில் இருக்கும் அவனுடைய அண்ணன் வயதுதான். அதற்குப் பிறகு அவன் கம்பிகளை எண்ண ஆரம்பித்தான். ஒன்று விட்டுப்போயிருந்தால் சொல்கிறான்.

ஒரு மில்லிமீட்டர் யார் கண்ணுக்குத் தெரியும் என்பவர்களுக்கு என் பதில் இதுதான். அந்த விமானத்தை நம்பி ஒருவர் ஏறினார். அதைச் செய்து காட்டுவதென்றால், அவரைத் தாங்கிய ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் இருக்க வேண்டாமா?

வீட்டில் பிள்ளைகளோடு தொடங்க நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். முதலில் ஒற்றை இறக்கை விமானம் ஒன்றைச் செய்யுங்கள். கத்தி பெரியவர் கையில் இருக்கட்டும். பசையும் பெயிண்டும் பயன்படுத்தும்போது சன்னலைத் திறந்து வையுங்கள். மழை நாளில் ஸ்பிரே வார்னிஷ் அடிக்காதீர்கள். நம் ஊர் ஈரத்தில் அது பால்போல வெளுத்துவிடும். கைபேசியை வேறு அறையில் வைத்துவிடுங்கள். இரட்டை இறக்கைக்கு வரும்போது, ஒட்டுவதற்கு முன் அளந்து பாருங்கள். பெட்டிக்குள் இருப்பதெல்லாம் சரி என்று எடுத்துக்கொள்ளாமல் இருக்கப் பிள்ளைகளும் பழகிக்கொள்வார்கள்.