ஏரியிலிருந்து நிலவுக்கு: முதல் நட்சத்திரங்களைத் தேடும் இந்திய விஞ்ஞானிகள்

புதுதில்லி: பிரபஞ்சத்தின் முதல் நட்சத்திரங்கள் எப்போது ஒளிரத் தொடங்கின என்பதை அறிய, கர்நாடக நீர்நிலைகளில் 2020-ம் ஆண்டு ஒரு ரேடியோ ஆன்டெனா மிதக்கவிடப்பட்டது. அதன் அடுத்த தலைமுறைக் கருவியை நிலவின் மறுபக்கத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது அதை உருவாக்கிய பெங்களூரு விஞ்ஞானிகளின் விருப்பம். அது நிறைவேறுமா என்பது விஞ்ஞானிகளின் திறமையை மட்டுமல்ல, தில்லியில் எடுக்கப்படும் முடிவுகளையும் பொறுத்தது.

நோபல் பரிசு பெற்ற சர் சி.வி. ராமன் 1948-ல் நிறுவிய ராமன் ஆராய்ச்சி நிலையம், மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் நிதியுதவியுடன் இயங்கும் தன்னாட்சி நிறுவனம். அங்கு உருவானதுதான் 'சாரஸ்' என்ற ரேடியோ தொலைநோக்கி.

பிரபஞ்சத்தின் வயது சுமார் 1,380 கோடி ஆண்டுகள். முதல் நட்சத்திரங்கள் தோன்றுவதற்கு முன்பு ஹைட்ரஜன், ஹீலியம் வாயுக்களே எங்கும் நிறைந்திருந்தன. ஹைட்ரஜன் அணு 21 சென்டிமீட்டர் அலைநீளத்தில் ரேடியோ அலைகளை வெளியிடும், உட்கவரவும் செய்யும். முதல் நட்சத்திரங்களின் ஒளி இந்த அலைகளில் ஒரு தடத்தைப் பதித்திருக்க வேண்டும். பிரபஞ்சம் விரிந்து வருவதால், அந்த அலைகள் பல மீட்டர் நீளத்துக்கு இழுபட்டு இன்று பூமியை வந்தடைகின்றன.

சிக்கல் இங்குதான் தொடங்குகிறது. அந்தச் சமிக்ஞை தேடப்படும் அலைவரிசையும் பண்பலை வானொலியின் அலைவரிசையும் ஒன்றையொன்று ஒட்டியே உள்ளன. போதாக்குறைக்கு, நமது பால்வெளி மண்டலத்தின் ரேடியோ இரைச்சல் அந்தச் சமிக்ஞையைவிடப் பல்லாயிரம் மடங்கு வலிமையானது.

அமெரிக்காவின் கண்டுபிடிப்பு

2018 மார்ச் மாதம், அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜட் போமன் தலைமையிலான குழு, அந்தச் சமிக்ஞையைக் கண்டுபிடித்துவிட்டதாக அறிவித்தது. மேற்கு ஆஸ்திரேலியாவின் பாலைநிலத்தில் வைக்கப்பட்ட, மேசை அளவிலான 'எட்ஜஸ்' கருவி 78 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் அதைப் பதிவு செய்திருந்தது. பெருவெடிப்புக்குப் பின் 18 கோடி ஆண்டுகளிலேயே நட்சத்திரங்கள் ஒளிர்ந்துவிட்டன என்பது இதன் பொருள்.

ஆனால், பதிவான சமிக்ஞை எதிர்பார்த்ததைவிட இருமடங்குக்கும் மேல் வலுவாக இருந்தது. இதை விளக்க, கரும்பொருள் ஹைட்ரஜனைக் குளிர்வித்திருக்கலாம் என்பது போன்ற புதிய கோட்பாடுகள் முன்வைக்கப்பட்டன. கண்டுபிடிப்பு உண்மையானால் இயற்பியல் பாடநூல்களையே திருத்தி எழுத வேண்டியிருக்கும். எனவே, வேறொரு குழு தனியே சோதித்துப் பார்ப்பது கட்டாயமாயிற்று.

நீரில் மிதந்த ஆன்டெனா

அந்தப் பொறுப்பை ஏற்றது பெங்களூரு குழு. தரையில் வைக்கப்படும் ஆன்டெனாவின் அடியில் மண்ணும் பாறையும் அடுக்கடுக்காக இருப்பதால் அளவீட்டில் பிழை நேரக்கூடும். ஆழமான நீர்ப்பரப்போ ஒரே சீரானது. ஆகவே தண்டிகனஹள்ளி ஏரியிலும், சராவதி ஆற்றின் அணை நீர்ப்பரப்பிலும் 'சாரஸ்-3' மிதவையில் நிறுத்தப்பட்டது.

சௌரப் சிங், ரவி சுப்பிரமணியன் உள்ளிட்டோரின் ஆய்வு முடிவு 2022 பிப்ரவரியில் 'நேச்சர் அஸ்ட்ரானமி' இதழில் வெளியானது. அமெரிக்கக் குழு கூறிய சமிக்ஞை தங்கள் பதிவில் இல்லை என்று 95.3 சதவீத உறுதியுடன் அவர்கள் அறிவித்தனர். பெரும் பொருட்செலவில் அல்ல, பொருத்தமான இடத்தைத் தேர்ந்தெடுத்த நுட்பத்தால் கிடைத்த முடிவு இது.

அப்படியானால் உண்மையான சமிக்ஞை எங்கே? அதைத் தேடத்தான் 'பிரதுஷ்' என்ற விண்வெளித் திட்டம் முன்மொழியப்பட்டுள்ளது. வைகறையைக் குறிக்கும் வடசொல்லை நினைவூட்டும் பெயர் இது. நிலவின் மறுபக்கத்துக்குப் பூமியின் வானொலி அலைகள் எட்டுவதில்லை. நிலவே அவற்றைத் தடுத்துவிடுகிறது. இதற்கான ஆரம்பக்கட்ட ஆய்வுகளுக்கு இஸ்ரோ நிதி வழங்கியுள்ளது. நிலவின் சுற்றுப்பாதையில் விண்கலத்தை நிறுத்தும் ஆற்றல் இந்தியாவுக்கு உண்டு என்பது 2008-ல் சந்திரயான்-1 மூலமே நிரூபணமாயிற்று.

சிறிய குழுக்கள் விண்வெளிக்குக் கருவி அனுப்புவதும் புதிதல்ல. அண்ணா பல்கலைக்கழகம் உருவாக்கிய 40 கிலோ எடையுள்ள 'அனுசாட்' 2009 ஏப்ரலில் விண்ணில் செலுத்தப்பட்டது. இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்று உருவாக்கிய முதல் செயற்கைக்கோள் அதுவே. கர்நாடக, ஆந்திரப் பொறியியல் மாணவர்கள் உருவாக்கிய, ஒரு கிலோவுக்கும் குறைந்த எடையுள்ள 'ஸ்டட்சாட்' 2010-ல் பின்தொடர்ந்தது.

யார் பணம் தருவது?

இந்தியா 2020-21-ல் ஆராய்ச்சிக்குச் செலவிட்டது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம் மட்டுமே. சீனா 2 சதவீதத்துக்கும் அதிகமாகச் செலவிடுகிறது. இந்த இடைவெளியைக் குறைப்பதாகக் கூறி, அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை மசோதாவை 2023 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. ஐந்து ஆண்டுகளில் ரூ.50,000 கோடி திரட்டப்படும் என்று அப்போது அறிவிக்கப்பட்டது. அதில் பெரும்பகுதியான ரூ.36,000 கோடி அரசு சாரா வட்டாரங்களிலிருந்து வர வேண்டும் என்பது கணக்கு. 2025 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த ரூ.1 லட்சம் கோடி ஆராய்ச்சித் திட்டமும் தனியார் துறையை ஊக்குவிப்பதற்கானதே.

தனியார் முதலீடு தேவை என்பதில் ஐயமில்லை. ஆனால், முதல் நட்சத்திரத்தைக் கண்டறிவதில் எந்த நிறுவனத்துக்கும் லாபம் இல்லை. இத்தகைய அடிப்படை ஆய்வுக்கு அரசு கஜானாவே கதி. ராக்கெட் ஏவப்படும் நாளில் கட்சி வேறுபாடின்றி மேசையைத் தட்டி வரவேற்கும் உறுப்பினர்கள், மானியக் கோரிக்கை விவாதத்தில் இதற்காகவும் குரல் எழுப்புவார்களா?

அமெரிக்காவும் சீனாவும் இதே சமிக்ஞைக்காக நிலவைக் குறிவைத்துத் திட்டமிட்டு வருகின்றன. ஏரியில் மிதந்த கருவியால் உலகின் கவனத்தை ஈர்த்த இந்தியக் குழுவுக்குக் காலம் அதிகம் இல்லை.